சுக்குக் காப்பியில் கலந்தது

மதுரையிலிருந்து டி. கல்லுப்பட்டி போகிற வழியில் எத்தனை கழிப்பறைகள் இருக்கின்றன, அவற்றில் எதற்குத் தாழ்ப்பாள் உண்டு, எதில் தண்ணீர் வராது, எதில் வாளி இருந்து மக் இருக்காது என்பதெல்லாம் முழுதாகத் தெரிந்த ஒரே ஒருவரை எனக்குத் தெரியும். அந்த வழித்தடத்தில் பல வருஷம் கண்டக்டராக இருந்தவர். விளாங்குடியில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். பெயரைச் சொல்லப் போவதில்லை. அவர் போய்விட்டார், ஆனால் அவர் மனைவி இருக்கிறார். அவர்களைப் பற்றி ஊர் பேசிய பேச்சு போதும். நான் அவரை அண்ணே என்பேன், அவர் மனைவியை மதினி என்பேன். ரத்த சம்பந்தம் எதுவும் இல்லை, சுவர் சம்பந்தம்தான்.

டியூட்டி நாளில் வண்டி கல்லுப்பட்டி போய்ச் சேருகிறவரை அண்ணன் தண்ணீரைக்கூட யோசித்துத்தான் குடிப்பார். "வாயில ஒரு இட்லி போனாப் போதும் தம்பி, பத்தாவது நிமிஷம் கீழ மணி அடிச்சிரும்" என்பார். இரைப்பையில் சோறு விழுந்ததும் பெருங்குடல் அசைந்து இடம் ஒதுக்கிக் கொடுப்பது எல்லா மனிதருக்கும் நடக்கிற காரியம். நமக்கு அது நடப்பதே தெரியாது. அவருக்கு நடுரோட்டில் வண்டியை நிறுத்துகிற அளவுக்குத் தெரியும். இறங்குகிற ஆள் யாரும் இல்லாத இடத்தில் விசில் கேட்டால் டிரைவர் ஏன் என்று கேட்காமல் ஓரங்கட்டுவார். அண்ணன் கருவேலங்காட்டுக்குள் போய்வந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, ஒன்றும் நடக்காதது மாதிரி ரைட் கொடுப்பார். வழக்கமாக வருகிறவர்கள் பழகிப்போய்விட்டார்கள். புதிதாக ஏறியவன் எவனாவது சிரித்தால் அவர்களே அவனை முறைப்பார்கள்.

அதனாலேயோ என்னவோ, அடுத்தவர் முகத்திலும் அவருக்கு வயிறு தெரியும். ஒருமுறை நான் அந்த வண்டியில் போயிருக்கிறேன். முன்னிருக்கையில் தாலிக்கயிற்று மஞ்சள் மங்காத ஒரு பெண், பக்கத்தில் மாமியார். அந்தப் பெண் ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்துவிட்டு அண்ணன் ஒரு பெட்ரோல் பங்க் வாசலில் விசில் ஊதினார். டயரில் காற்றுக் கம்மி, பத்து நிமிஷம் ஆகும், இறங்குகிறவர்கள் இறங்கலாம் என்று பொதுவாகச் சத்தம் போட்டார். டயரில் காற்றுக்கு ஒரு குறையும் இல்லை. டிரைவரும் இறங்கி டயரை உதைத்துப் பார்த்தார், சொல்லிவைத்த மாதிரி. அந்தப் பெண் போய்விட்டு வந்து உட்கார்ந்த பிறகுதான் வண்டி கிளம்பியது. அண்ணன் அவள் பக்கம் திரும்பவே இல்லை. எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.

நான் காளவாசல் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் டெக்னீசியன். குடலுக்குள் குழாய் விட்டு அழுத்தம் பார்க்கிற அறை என்னுடையது. எனக்குப் பெண் பார்த்தபோது வீட்டில் "லேப்ல இருக்கான்" என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். அப்படிப்பட்ட வேலை. ஆனால் அண்ணனுக்கு அதில் கூச்சமே இல்லை. சாயங்காலம் நான் பைக்கை நிறுத்துவதற்குக் காத்திருந்து, அன்றைக்கு அவர் வயிற்றில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்வார். வயிறு வலிக்கிறது என்று ஒருநாளும் சொன்னதில்லை. அது சோம்பேறிகள் சொல்கிற வார்த்தை என்பது அவர் எண்ணம். "பொருமுனா மேல வரும். பிசைஞ்சா அங்கனயே கெடக்கும். முறுக்குனா ஓடணும். சுருட்டிப் பிடிச்சா ஓடவும் முடியாது தம்பி, செவுத்தப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும்." ஆஸ்பத்திரிப் படிவத்தில் வலிக்கு ஒன்றிலிருந்து பத்துக்குள் ஓர் எண் கேட்பார்கள். அதைக் கேட்டு அவருக்குக் கோபம் வந்துவிட்டது. பிசைகிற ஏழா, முறுக்குகிற ஏழா என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். நான் என் இஷ்டத்துக்கு ஐந்து என்று எழுதிக்கொண்டேன்.

இது பிறவியில் வந்த வயிறு இல்லை. கல்லுப்பட்டிப் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து விருந்தில் சாப்பிட்ட பல பேருக்கு அன்றைக்குப் போக்கும் காய்ச்சலும் கண்டது. மற்றவர்கள் ஒரு வாரத்தில் எழுந்து நடமாடினார்கள். அண்ணனுக்குப் போக்கு நின்றது, வலி நிற்கவில்லை. அப்புறம் வருஷக்கணக்கில் ஸ்கேன், கேமரா, ரத்தம் என்று பார்க்காத சோதனை இல்லை. எல்லாத் தாளிலும் நார்மல். எல்லா டாக்டர் வாயிலும் ஒண்ணுமில்ல. ஒன்றுமில்லாத வயிறு இப்படி முறுக்கினால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரு விளக்கம் தயாராக இருக்கும். யாரோ மருந்து வைத்துவிட்டார்கள் என்பார்கள்.

இந்தச் சொல்லை அதன் வாலைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். மருந்து கொடுத்தார்கள் என்றால் டாக்டர். மருந்து வைத்தார்கள் என்றால் வேண்டாதவர்கள். சோற்றிலோ குழம்பிலோ எதையோ கலந்து ஊட்டி, தின்றவனைத் தன் சொல்லுக்கு ஆடவைப்பது, இல்லையென்றால் உள்ளுக்குள்ளேயே கரைத்துக் கொல்வது. அண்ணனுக்கு ஓர் அக்கா, கல்லுப்பட்டியில் வாழ்க்கைப்பட்டவர். விருந்தில் யாரோ வைத்துவிட்டார்கள் என்று அவர் முதல் மாதமே தீர்ப்புச் சொல்லிவிட்டார். அண்ணன் அதை முழுசாக நம்பினார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு அவர் வெளியே கை நனைக்கவில்லை. கல்யாண வீட்டில் தலையைக் காட்டிவிட்டுப் பந்திக்கு முன்னால் நழுவிவிடுவார். அக்கா வீட்டிலும் தண்ணீரோடு சரி. மதினி ஆக்கியதை, மதினி போட்டால் மட்டும் சாப்பிடுவார். மதினி ஊருக்குப் போனால் அந்த இரண்டு நாளும் பட்டினி கிடப்பார்.

"ஒலகத்துல எனக்கு மிச்சம் இருக்கிறது அவ கை ஒண்ணுதான் தம்பி" என்று ஒருநாள் சொன்னார். மதினி உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். கேட்டிருக்கும்.

எங்கள் ஆஸ்பத்திரிக்கு அவரை அழைத்துப்போனது நான்தான். எங்கள் டாக்டர் பழைய தாள்களையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு, பலூன் சோதனை பார்க்கலாம் என்றார். மெல்லிய குழாயின் நுனியில் ஒரு சின்னப் பலூன். அதை மலக்குடலுக்குள் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை ஏற்றுவோம். எப்போது தெரிகிறது, எப்போது போக வேண்டும் போல இருக்கிறது, எப்போது வலிக்கிறது என்று படுத்திருப்பவர் சொல்ல வேண்டும். மற்றவர்கள் சும்மா படுத்துக்கொண்டு ஃபேனைப் பார்க்கிற அளவில் அண்ணனுக்கு நெற்றி வியர்த்துவிட்டது. அதில் ஒரு தந்திரமும் உண்டு. ஆள் பயத்தில் சொல்கிறாரா, நிஜமாகவே தெரிந்து சொல்கிறாரா என்று பார்க்க, இடையில் ஒருமுறை காற்று ஏற்றாமலே ஏற்றுகிறேன் என்று சொல்வோம். பாதிப்பேர் ஐயோ என்பார்கள். அண்ணனிடமும் அப்படிச் சொன்னேன். அண்ணன் ஒரு நிமிஷம் உள்ளே கவனித்தார்.

"ஊதல தம்பி. சும்மா சொல்ற."

திரையில் இருந்த கோட்டை நான் மறுபடி பார்த்தேன். அந்த வேலையில் எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன், அப்படி ஒரு வயிற்றைப் பார்த்ததில்லை. குழாயைக் கழற்றிவிட்டு, டாக்டர் சொல்ல வேண்டியதை முந்திக்கொண்டு நானே சொல்லிவிட்டேன். "அண்ணே, உங்க வலி நெஜம். மிசின்லயே தெரியுது." அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. இத்தனை வருஷத்தில் அவரிடம் அதை யாரும் சொன்னதில்லை. நான் கையுறையைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக நேரத்தைக் கடத்தினேன்.

டாக்டர் பொறுமையாகத்தான் விளக்கினார். குடல் சுவர் நெடுக நரம்பு முனைகள் இருக்கின்றன. அவற்றில் சேதி வாங்குகிற ஏற்பிகள் இருக்கின்றன. குடல் விரிந்தாலும் சுருங்கினாலும் அவைதான் மேலே தகவல் அனுப்பும். அந்தக் காதுகுத்துக் காய்ச்சலில் புண்பட்ட குடல் ஆறிவிட்டது, ஆனால் ஏற்பிகள் விழித்தது விழித்தபடியே இருக்கின்றன. சாதாரணக் காற்று போனாலும் கத்துகின்றன. கத்தலைக் கேட்டுக் குடல் இன்னும் முறுக்குகிறது, முறுக்கலைக் கேட்டு அவை இன்னும் கத்துகின்றன. அதை அடக்குவதற்கு ஒரு மாத்திரை, ரொம்பச் சின்ன அளவு, ராத்திரிக்கு ஒன்று. அண்ணன் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். பெருமையாகக்கூட இருந்தது அவருக்கு.

பெருமையெல்லாம் மருந்துக்கடை வரைக்கும்தான். அங்கே சீட்டைப் பார்த்தவர் சும்மா இருந்திருக்கலாம். இது மனசு சரியில்லாதவர்களுக்குக் கொடுக்கிற மாத்திரையாச்சே, வீட்டில் யாருக்கு என்று கேட்டுவிட்டார். அண்ணன் அட்டையைக்கூடப் பிரிக்கவில்லை. நெஜம் என்று சொல்லிவிட்டுப் பைத்தியத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறீர்களே என்று என்னைப் பிடித்துக்கொண்டார். மூளையில் இருக்கிற அதே ஏற்பிகள் குடலிலும் இருக்கின்றன, அதனால் பெரிய அளவில் மனசுக்குக் கொடுப்பது சின்ன அளவில் குடலுக்கும் ஆகும் என்று நானும் சொல்லிப் பார்த்தேன். காதில் ஏறவில்லை. அந்த மாதமே அக்கா அவரை உசிலம்பட்டிப் பக்கம், வைத்த மருந்தை வயிற்றிலிருந்து எடுக்கிறவர் ஒருவரிடம் கூட்டிப்போக நாள் குறித்தார்.

போகிற வாரத்தில் ஒருநாள் காலை. நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். மதினி வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். முந்தின நாள் அண்ணன் சுவரைப் பிடித்தபடியே ஒரு மணி நேரம் நின்றதைச் சொன்னார். அழவில்லை. இந்த மாத்திரையைச் சாப்பிட வைக்க வழியே இல்லையா என்று கேட்டார். எனக்கு நேரமாகிவிட்டது. ஹெல்மெட்டைத் தலையில் பாதி மாட்டியிருந்தேன்.

"சாயங்காலம் சுக்குக் காப்பி குடிப்பாருல்ல மதினி. அதுல பொடிச்சுப் போட்டுக் குடுங்க. தெரியவா போகுது?"

இதுதான் நான் சொன்னது. யோசித்துச் சொல்லவில்லை. வேலைக்குப் போகிற அவசரத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன். சுக்கும் கருப்பட்டியும் கசப்பை மறைத்துவிடும் என்றுகூட அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியிருக்கிறது. டாக்டரிடம் சொல்லவில்லை. மாத்திரை தீரத் தீர நானே வாங்கிவந்து சுவருக்கு மேலே மதினியிடம் நீட்டினேன்.

உசிலம்பட்டிப் பக்கத்து மருந்து எடுக்கிறவர் அண்ணனுக்குத் தொப்புளுக்கு மேலே குழாய் வைத்து உறிஞ்சி, கறுப்பாக மயிர் உருண்டை மாதிரி ஒன்றை இலையில் துப்பிக் காட்டியிருக்கிறார். அதற்கு முந்தின நாள்தான் மதினி முதல் மாத்திரையைப் பொடித்திருந்தார். மூன்று வாரம் போனது. அண்ணனுக்கு வலி விட்டது. குறையவில்லை, விட்டேவிட்டது. அவர் தெருவில் நின்று எல்லோரிடமும் உருண்டையைப் பற்றிச் சொன்னார். அக்கா தலைநிமிர்ந்து நடந்தார். மதினி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, தினமும் சாயங்காலம் காப்பியை ஆற்றிக் கொடுத்தார். நான் மதினியைப் பார்த்துக் கண்ணடித்திருக்கிறேன். அதை நினைத்தால் இப்போது கூசுகிறது.

அதற்குப் பிறகு வந்த எட்டு மாதம்தான் அவருடைய நல்ல காலம். கல்லுப்பட்டியில் ஒரு கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்கார்ந்து இரண்டாம் முறை ரசம் வாங்கினார். பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு புரோட்டா தின்றார். டிரைவரே என்னிடம் சொல்லி ஆச்சரியப்பட்டார், கருவேலங்காட்டுப் பக்கம் விசில் சத்தமே இல்லையாம். ஞாயிற்றுக்கிழமை மதினியை அழைத்துக்கொண்டு அழகர்கோவில் போய்வந்தார். திரும்பி வந்தபோது மதினி தலையில் இம்புட்டுப் பூ. அவ்வளவு சந்தோஷமாக அந்த வீட்டை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை.

அந்த மாத்திரை வாயை உலர்த்தும். கொஞ்சம்தான். பெரும்பாலானவர்களுக்குத் தண்ணீர் தாகம் என்பதற்கு மேல் தெரியாது. ஒரு நாளைக்கு நூறு தடவை விசில் ஊதுகிறவருக்குத் தெரியும். "விசில் ஊத வர மாட்டேங்குது தம்பி, நாக்கு மேல ஒட்டிக்கிருது" என்று ஒருநாள் சொன்னார். இன்னொரு நாள் காலையில் எழுந்தால் தலைக்குள் பஞ்சு அடைத்த மாதிரி இருக்கிறது என்றார். நான் வெயில் என்றேன். அவர் சரி என்றார், ஆனால் அந்த முகம் எனக்குத் தெரிந்த முகம். உள்ளே எதையோ கவனித்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஒரு மதியம் ஆஸ்பத்திரிக்கு வந்தார், யூனிஃபார்மோடு. என் அறைக் கதவைச் சாத்திவிட்டு, பழைய இருமல் மருந்துப் பாட்டில் ஒன்றை மேஜையில் வைத்தார். அடியில் பழுப்பாகக் கொஞ்சம் திரவம், கீழே வண்டல். சுக்குக் காப்பி. மறுபடியும் யாரோ வைக்கிறார்கள் என்று சந்தேகப்பட்டார். சுக்குப்பொடி வாங்குகிற கடையில் இருக்கலாம், கருப்பட்டி விற்கிறவராக இருக்கலாம், அவர் மனம் எங்கெங்கோ போயிருந்தது. ஓரிடத்துக்கு மட்டும் போகவில்லை.

"அவகிட்டச் சொல்லிராத. பயந்துருவா. நீ லேப்ல பாத்துச் சொல்லு தம்பி, நீ சொன்னா நான் நம்புவேன்."

அந்தப் பாட்டிலை நான் இரண்டு நாள் என் அலமாரியில் வைத்திருந்தேன். எங்கள் லேப்பில் அதையெல்லாம் பார்க்க முடியாது. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை, வண்டலில் இருந்ததை வாங்கிக் கொடுத்தவன் நான். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒரு நேரம் தோன்றும். அதைச் சொன்னால் நோயாளிக்குத் தெரியாமல் மருந்து கொடுக்கச் சொன்ன டெக்னீசியனை ஆஸ்பத்திரியில் வைத்திருக்க மாட்டார்கள் என்று அடுத்த நேரம் தோன்றும். வலி மறுபடி வந்துவிடுமே என்கிற கவலையும் இருந்தது. ஆனால் முதலில் தோன்றியது வேலைதான், அதை மறைக்க மாட்டேன். மூன்றாம் நாள் சாயங்காலம் சுவருக்கு அந்தப்பக்கம் நின்ற அண்ணனிடம் சொன்னேன்.

"ஒண்ணுமில்லண்ணே. நார்மல்தான்."

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். காற்று ஏற்றாத பலூனைக் கண்டுபிடித்த மனிதர் அவர். சரி தம்பி என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அந்த நிமிஷமே அவருக்குத் தெரிந்துவிட்டது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

அப்புறம் அவர் செய்தது எளிமையான காரியம். மதினி கொடுக்கிற காப்பியை வாங்கி, மதினி அந்தப்பக்கம் போனதும் கொல்லையில் வாழைமரத்தடியில் ஊற்றினார். பத்துப் பதினைந்து நாள் ஊற்றினார். நாக்கு ஒட்டுவது நின்றது. விசில் வந்தது. கூடவே முறுக்கும் வந்தது. வலியைச் சுவரைப் பிடித்து நின்று தாங்கிக்கொண்டு, கேள்வியை அடக்கிக்கொண்டு, அக்கா வந்திருந்த ஒரு நாளில் மதினியைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார், காப்பியில் என்ன இருக்கிறது என்று. மதினிக்குப் பொய் சொல்ல வராது. அன்றைக்கு மட்டுமாவது வந்திருக்கலாம். இல்லை, சொன்ன உண்மையை ஒரு வார்த்தை மாற்றியாவது சொல்லியிருக்கலாம். பதறிப்போன வாயில் வந்தது இதுதான்.

"ஒங்க வலிக்குத்தான் மருந்து வச்சேன்."

கொடுத்தேன் என்று சொல்லவில்லை. வச்சேன் என்றார். டாக்டர் எழுதினது, கடையில் வாங்கினது, அட்டை இருக்கிறது என்று அடுத்த மூச்சில் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். உள்ளே ஓடி அட்டையை எடுத்துவந்து காட்டியும் இருக்கிறார். கேட்கிறவர்கள் அந்த ஒரு வார்த்தையோடு கேட்பதை நிறுத்திவிட்டார்கள். அக்கா போட்ட சத்தம் சுவருக்கு இந்தப்பக்கம் எனக்கே கேட்டது. கட்டினவளே வைத்துவிட்டாள் என்று கல்லுப்பட்டி முழுக்கப் பரவ ஒரு வாரம் பிடிக்கவில்லை.

யார் சொல்லிக் கொடுத்தது என்று அண்ணன் கேட்டாராம். மதினி, நானாகத்தான் செய்தேன் என்றிருக்கிறார். அடுத்த நாள் துணி காயப்போடுகிற சாக்கில் சுவர் பக்கம் வந்து, என்னைப் பார்க்காமலே சொன்னார். "ஒன் பேரு வரல தம்பி. நீ வேலைக்குப் போற பிள்ள." நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். தலையை ஆட்டினேன். எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அண்ணன் மதினியை அடிக்கவில்லை, திட்டவில்லை, பிறந்த வீட்டுக்கு அனுப்பவில்லை. அனுப்பச் சொன்ன அக்காவிடம், அவ இருக்கட்டும் என்று மட்டும் சொன்னார். பின்பக்கத்தில் ஓர் ஒற்றை அடுப்பு வாங்கிவைத்து, தனக்கு வேண்டிய கஞ்சியைத் தானே காய்ச்சிக்கொண்டார். மதினியும் ஆக்குவார். வழக்கம்போல ஒரு தட்டில் போட்டு வைப்பார். அது அப்படியே இருக்கும். ஆறின பிறகு அதை மதினியே சாப்பிடுவார். வருஷக்கணக்கில் இப்படி. நான் டாக்டரிடம் இன்னொருமுறை வரலாம் என்று கூப்பிட்டுப் பார்த்தேன். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

என்னிடம் பேசுவதை அவர் நிறுத்தவில்லை. மழை, வண்டி, காளவாசல் நெரிசல், புதுப் பாலம் எல்லாம் பேசுவார். வயிற்றைப் பற்றி மட்டும் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை இல்லை. பொருமலா, பிசைச்சலா, முறுக்கா என்று எனக்குத் தெரியாமல்போனது. விடியற்காலையில் சுவர் வழியாகக் குழாய்த் தண்ணீர்ச் சத்தம் கேட்கும், வாளி உருளும், பிறகு ரொம்ப நேரம் ஒரு சத்தமும் இருக்காது. அந்தச் சத்தமில்லாத நேரத்தில் அவர் உள்ளங்கை இரண்டையும் சுவரில் ஊன்றிக்கொண்டு நிற்கிறார் என்று எனக்குத் தெரியும். நான் இந்தப்பக்கம் படுத்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். இப்போது அந்த வீட்டில் விடியற்காலையில் யாரும் குழாயைத் திறப்பதில்லை. ஆனாலும் எனக்கு அந்த நேரத்தில் விழிப்பு வந்துவிடுகிறது, வயிற்றில் ஏதோ பிசைகிறது. எங்கள் டாக்டரிடமே காட்டினேன். கேமரா விட்டுப் பார்த்துவிட்டு, ஒண்ணுமில்ல என்றார்.

போன வருஷம் ஆவணியில், ரிடையர் ஆக இரண்டு மாதம் இருந்தபோது, பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்த இடத்திலேயே அண்ணன் போய்ச் சேர்ந்தார். மாரடைப்பு. வயிற்றுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அப்படித்தான் தாளிலும் எழுதிக் கொடுத்தார்கள். தாளை யார் படிக்கிறார்கள்? பழைய மருந்து வேலையைக் காட்டிவிட்டது என்று பந்தலுக்குள் பேசிக்கொண்டார்கள், மதினி காதில் விழுகிற தூரத்திலேயே.

தூக்குவதற்கு முன்னால் வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள். சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து, ஆளுக்கொரு பிடி அரிசியை அவர் வாயருகில் இட்டுவிட்டு நகர்ந்தார்கள். மதினி முறை வந்தது. குனிந்து கையை நீட்டினார். அக்கா அந்த மணிக்கட்டை எட்டிப் பிடித்துக்கொண்டார்.

"அவன் வாயில நீ போட்டது போதும்."

மதினி கையை உதறவில்லை, இழுக்கவும் இல்லை. மூடிய கைக்குள் அரிசியோடு அப்படியே நின்றார். பிறகு தலையைத் தூக்கி, ஆண்கள் நின்ற பக்கம் பார்த்தார். நேராக என்னைத்தான் பார்த்தார். கேட்கிற பார்வை இல்லை அது, காட்டிக்கொடுக்கிற பார்வையும் இல்லை. நான் அங்கே இருக்கிறேனா என்று பார்த்தார், அவ்வளவுதான். நான் சொல்ல வேண்டியிருந்தது ஒரே ஒரு வாக்கியம். மதினி நான் சொன்னதைத்தான் செய்தார் என்கிற வாக்கியம். இத்தனை வருஷத்துக்குப் பிறகு என் வேலைக்கு அதனால் ஆபத்தும் இல்லை. அடிவயிறு சுருட்டிப் பிடித்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு எழவில்லை. மதினி பார்வையைத் தாழ்த்திக்கொண்டு, பின்னால் நகர்ந்து நின்றார்.

அக்கா என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீயும் வா. கூடப் பிறந்தவன் கணக்கா எம்புட்டு ஒத்தாசை பண்ணிருக்க அவனுக்கு. வந்து போடு."

நான் போனேன். தட்டிலிருந்து ஒரு பிடி அரிசி எடுத்தேன். அண்ணன் வாயில் போட்டேன். யாரும் என் கையைப் பிடிக்கவில்லை.